குழுப்பயிற்சி: திரையிலா, அறையிலா? முதன்முறை நடத்துவோருக்கு ஒரு வழிகாட்டி

மருத்துவம், செவிலியம், மருந்தாளுமை, இயன்முறை மருத்துவம் படிக்கும் மாணவர்களைச் சேர்த்துக் குழுப்பயிற்சி நடத்தும் பொறுப்பு முதன்முறையாக உங்களிடம் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் முதலில் கேட்பது "இணையவழியா, நேரடியா?" என்பதாகத்தான் இருக்கும். அறை பதிவு செய்ய வேண்டும், கால அட்டவணை பார்க்க வேண்டும், அதனால் அவர்கள் கேட்பதில் தவறில்லை. ஆனால் அதற்கு உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். எதைப் பழக்கப் போகிறீர்கள் என்று தெரிந்த பிறகு அந்தக் கேள்விக்கான பதில் பாதிக்கு மேல் தானாகவே வந்துவிடும்.

முதல் படி: நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"குழுவாகச் செயல்படக் கற்பார்கள்" என்று எழுதினால் அது நோக்கம் ஆகாது. "நோயாளியின் நிலை மோசமாவதை மருத்துவரிடம் தொலைபேசியில் ஒரு நிமிடத்துக்குள் தெளிவாகச் சொல்வார்கள்" என்பது நோக்கம். "மூத்தவர் தவறான அளவைச் சொன்னால் இளையவர் வாய்திறந்து தடுப்பார்" என்பதும் நோக்கம். பயிற்சி முடிந்ததும் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு உறுதிசெய்யக்கூடியதாக அது இருக்க வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட செயல்திட்டம் இந்த வகைக் கல்விக்கு ஒரு வரையறை தந்தது. இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட துறையினர் ஒருவரைப் பற்றி ஒருவரும், ஒருவரிடமிருந்து ஒருவரும், ஒருவரோடு ஒருவரும் கற்க வேண்டும். இந்த மூன்றும் தேவை. நான்கு துறை மாணவர்களை ஒரே அரங்கில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் சொற்பொழிவு நடத்தினால் அவர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள், அவ்வளவுதான்.

இந்தப் பயிற்சி எதற்கு என்று மாணவர்கள் கேட்பார்கள். 2005-இல் இங்கிலாந்தில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். மூக்குப் பகுதியில் வழக்கமான அறுவை சிகிச்சைக்கு வந்த இளம் பெண் ஒருவருக்கு மயக்க மருந்து கொடுத்த பின் மூச்சுப்பாதை அடைபட்டுவிட்டது. அனுபவம் மிக்க மருத்துவர்கள் குழாய் செலுத்தும் முயற்சியிலேயே மூழ்கிப்போனார்கள். ஒரு செவிலியர் கழுத்தில் துளையிடும் கருவிப்பெட்டியைக் கொண்டுவந்து தயாராக இருப்பதாகச் சொன்னார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்கைக்கு ஏற்பாடு செய்தார். என்ன செய்ய வேண்டும் என்பது அந்த அறையில் சிலருக்குத் தெரிந்திருந்தது. அதைச் செய்யவைக்கும் விதத்தில் சொல்லத்தான் அவர்களுக்கு வழி தெரியவில்லை. சில நாட்களில் அந்தப் பெண் இறந்துபோனார். மருத்துவ அறிவு, கருவி, ஆள் எதிலும் குறையில்லாத இடத்தில் நடந்தது இது. உங்கள் பயிற்சி நிரப்ப வேண்டிய இடைவெளி எங்கே இருக்கிறது என்று இதைக் கேட்டவர்களுக்கு மறுபடி விளக்கத் தேவையிருக்காது.

இரண்டாம் படி: சொல்லால் நடப்பதையும் உடலால் நடப்பதையும் பிரியுங்கள்

எழுதிய நோக்கத்தை இப்போது ஒரு கேள்வியால் உரசிப் பாருங்கள்: நிஜ மருத்துவமனையில் இந்த வேலை பெரும்பாலும் பேச்சால் நடக்கிறதா, அல்லது கைகளும் கால்களும் இடமும் சேர்ந்தால்தான் நடக்குமா?

நோயாளியைப் பற்றிய விவரங்களைக் கைமாற்றுவது, ஒருவர் பணியின் எல்லையை மற்றவர் அறிவது, மருந்துப் பட்டியலைச் சரிபார்ப்பது, வீடு திரும்பும் நோயாளிக்குத் திட்டமிடுவது, குடும்பத்தினரோடு கூட்டாகப் பேசுவது ஆகியவை பேச்சால் நடப்பவை. இவற்றை இணையவழியில் தாராளமாகப் பழக்கலாம். சிலவற்றை இணையவழியில்தான் நன்றாகப் பழக்க முடியும் என்றுகூடச் சொல்வேன். தொலைபேசியில் விவரம் சொல்லும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்து "தொலைபேசியில் பேசுவதுபோல் பேசுங்கள்" என்றால் மாணவர்கள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, பாதியைச் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். இணையவழியில் கேமராவை அணைக்கச் சொன்னால் போதும். குரலைத் தவிர வேறு உதவி கிடையாது. இரவுப் பணியில் இருப்பதும் அதுதானே.

இதற்குக் கைகொடுக்கும் கருவி எஸ்பார். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் பிறந்து, கைசர் பெர்மனென்டே மருத்துவக் குழுமத்தின் வழியாக மருத்துவமனைகளுக்குள் வந்த முறை இது. இப்போது என்ன நடக்கிறது, இதற்குப் பின்னணி என்ன, என் மதிப்பீடு என்ன, நீங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறேன் என நான்கு பகுதிகள். மாணவர்கள் முதல் இரண்டை நீட்டி முழக்குவார்கள், நான்காவதை விழுங்கிவிடுவார்கள். "உடனே வந்து பாருங்கள்" என்று ஒரு செவிலிய மாணவி மருத்துவ மாணவரிடம் சொல்லிப் பழகுவதுதான் இந்தப் பயிற்சியின் உயிர்நாடி. அதைச் சொல்லும்வரை அழைப்பைத் துண்டிக்க விடாதீர்கள்.

இனி மறுபக்கம். இதயம் நின்றுபோன நோயாளிக்கு நெஞ்சை அழுத்துபவர் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். ஏறத்தாழ இரண்டு நிமிடங்களுக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். மாறும்போது அழுத்தம் தடைபடக் கூடாது. களைத்தவர் விலகி, அடுத்தவர் நுழைந்து, மூன்றாமவர் நேரம் எண்ணி, நான்காமவர் மருந்தை எடுத்து உரக்கச் சொல்லும் அந்தச் சில நொடிகளைத் திரையில் பழக்க வழியில்லை. நோயாளியைப் படுக்கை மாற்றுவது, அறுவை அரங்கில் கருவி கைமாறுவது, பிரசவ அறையின் அவசரம் போன்றவையும் இப்படித்தான். யார் எங்கே நிற்கிறார்கள், யார் யார் கண்ணைப் பார்க்கிறார்கள், இரைச்சலில் யாருடைய குரல் அமுங்குகிறது என்பதெல்லாம் பாடத்தின் பகுதிகள். இவற்றுக்கு அறை வேண்டும்.

தயங்காமல் எதிர்த்துச் சொல்வது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. இணையவழியில் அரட்டைப் பெட்டி இருப்பதால் வாயே திறக்காத மாணவர்களும் தங்கள் சந்தேகத்தை எழுதிவிடுகிறார்கள். தொடக்கத்துக்கு அது நல்லது. ஆனால் வார்டில் அரட்டைப் பெட்டி கிடையாது. எழுதியவரை அதே வாக்கியத்தைக் குரலெடுத்துச் சொல்லவைக்க வேண்டும். பிறகு ஒரு நாள் மூத்தவர் வேடத்தில் இருப்பவருக்கு முன்னால் நேரில் நின்றும் சொல்லவைக்க வேண்டும்.

மூன்றாம் படி: இப்போது முடிவெடுங்கள்

நேரடிப் பயிற்சி எப்போதும் மேல் என்று நினைப்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அவ்வளவு எளிதாகச் சொல்லிவிட முடியாது. அமெரிக்காவின் வட கரோலினாவில் மருத்துவ, செவிலிய மாணவர்களுக்கு ஒரே குழுப்பயிற்சியை நான்கு வெவ்வேறு முறைகளில் நடத்திப் பார்த்து, முடிவுகளை 2010-இல் வெளியிட்டார்கள். விலை உயர்ந்த பாவனை நோயாளிக் கருவியும் அந்த முறைகளில் ஒன்று, சாதாரண விரிவுரையும் ஒன்று. நான்கிலும் மாணவர்களின் அறிவும் மனப்பான்மையும் மேம்பட்டன. எந்த முறையும் மற்றவற்றைவிடத் தெளிவாக உயர்ந்து நிற்கவில்லை. கருவிக்குப் பணமில்லையே என்று ஏங்குபவர்களுக்கு இது ஆறுதல். அதற்காக எதைச் செய்தாலும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அறிவும் மனப்பான்மையும் மாறுவது எளிது. அவசரத்தில் கை எப்படி இயங்குகிறது என்பது வேறு கணக்கு.

ஒளிவுமறைவின்றிச் சொன்னால், இணையவழியைத் தேர்ந்தெடுக்கப் பெரும்பாலும் கற்பித்தல் காரணமாக இருப்பதில்லை. நான்கு துறைகளின் கால அட்டவணைகளும் ஒத்துப்போகாததுதான் காரணம். அது கௌரவமான காரணம்தான், அதற்கு வெட்கப்பட வேண்டாம். ஒரே வளாகத்தில் எல்லாத் துறைகளும் இல்லாத கல்லூரிக்கு வேறு வழியும் இல்லை.

என் பரிந்துரை இரண்டையும் வரிசையாகப் பயன்படுத்துவது. முதலில் ஒன்றரை மணி நேரம் இணையவழியில் அறிமுகம், பணி எல்லைகள், எஸ்பார், ஒரு நோயாளிக் கதை. சில நாட்கள் கழித்து, அதே குழுக்களோடு அரை நாள் நேரில். முதல் சந்திப்பின் தயக்கம் திரையிலேயே கரைந்துவிட்டால், விலைமதிப்பான நேரடி நேரம் "உங்கள் பெயர் என்ன" என்பதில் போகாது. ஒன்றுக்குத்தான் வாய்ப்பு என்றால் இரண்டாம் படியில் கிடைத்த பதிலைப் பின்பற்றுங்கள்.

நான்காம் படி: குழுவை அமையுங்கள், கதையை எழுதுங்கள்

ஒரு குழுவுக்கு ஐந்து முதல் ஏழு பேர். அதற்கு மேல் போனால் இருவர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையசைப்பார்கள். ஆறு மருத்துவ மாணவர்களுக்கு நடுவே ஒரே ஒரு மருந்தாளுமை மாணவரைப் போடாதீர்கள். அவர் விருந்தாளி ஆகிவிடுவார். எண்ணிக்கை போதாவிட்டால், சில குழுக்களில் அந்தத் துறையே இல்லாமல் விட்டு, மற்றக் குழுக்களில் இருவராகப் போடுவது மேல்.

நோயாளிக் கதையைப் பெரும்பாலானோர் மருத்துவ வினாத்தாள்போல எழுதிவிடுகிறார்கள். நோயறிதல் கடினமாக இருக்கும், மருத்துவ மாணவர் விடையைச் சொல்வார், மற்றவர்கள் கைதட்டுவார்கள். குழுப்பயிற்சிக்கான கதையில் நோய் எளிதாக இருக்க வேண்டும். தகவல்தான் சிதறிக் கிடக்க வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் மற்றவருக்குத் தெரியாத ஒரு துண்டு இருக்கட்டும்.

ஓர் உதாரணம். எழுபது வயதைக் கடந்த ஒரு பெண்மணி. இதயத் துடிப்புக் கோளாறுக்காக, இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மருந்தை எடுக்கிறார். சிறுநீர்த் தொற்றுக்கு கோ-டிரைமாக்சசோல் தொடங்கியிருக்கிறார்கள். இவ்வளவும் எல்லோருக்கும் தெரியும். மருத்துவ மாணவரின் தாளில் மட்டும் இன்று காலை வந்த ஐ.என்.ஆர். அளவு (இரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டுவது) ஏறியிருப்பது இருக்கிறது. செவிலிய மாணவியின் தாளில், பல் துலக்கும்போது ஈறில் இரத்தம் நிற்கவில்லை என்று நோயாளி சொன்னது இருக்கிறது. மருந்தாளுமை மாணவருக்கு, இந்த இரண்டு மருந்துகளும் சேர்ந்தால் வார்ஃபரினின் வீரியம் கூடும் என்பது தெரியும். இயன்முறை மாணவரின் தாளில், நேற்றிரவு குளியலறையில் வழுக்கித் தலை இடித்துக்கொண்டதை நோயாளி போகிற போக்கில் சொன்னது இருக்கிறது. நான்கையும் சேர்த்தால்தான் தலைக்கு ஸ்கேன் எடுக்க வேண்டிய அவசரம் புலப்படும். நான்காமவரிடம் யாராவது கேட்கிறார்களா, கேட்காவிட்டால் அவராகச் சொல்கிறாரா என்பதுதான் பயிற்சி. விடையைக் கண்டுபிடித்தார்களா என்பது இரண்டாம் பட்சம்.

இந்தக் கதை திரையிலும் அறையிலும் ஒன்றுபோல் வேலை செய்யும். இணையவழியில் ஒவ்வொருவருக்கும் அவரவர் தாளைத் தனியாக அனுப்பிவிடலாம் என்பதால் எட்டிப்பார்க்கவும் முடியாது.

ஐந்தாம் படி, இணையவழியில் நடத்துபவர்களுக்கு

தொழில்நுட்பத்தைக் கவனிக்க இரண்டாவது ஆள் கட்டாயம். சிறு குழுக்கள் தனித்தனியே பேச இணையக் கூட்டத்துக்குள் திறக்கும் துணை அறைகளுக்கு ஆட்களைப் பிரிப்பதும், இணைப்பு அறுந்தவரைத் திரும்ப உள்ளே கொண்டுவருவதும், நேரம் சொல்வதும் அவர் வேலை. உரையாடலை வழிநடத்துபவரே இதையும் செய்ய முயன்றால் இரண்டும் கெடும்.

திரையில் ஒருவர் பேச்சின்மேல் இன்னொருவர் பேச்சு ஏறுவது மரியாதைக் குறைவால் அல்ல. ஒலி போய்ச்சேரத் தாமதமாகிறது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரைப்படி ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பெரும்பாலான உரையாடல்கள் இயல்பாக நடக்கும். அதைத் தாண்டும்போது முறைவைத்துப் பேசுவது குலைகிறது. எனவே தொடக்கத்திலேயே ஒரு விதி வையுங்கள்: யாரிடம் பேசுகிறோமோ அவர் பெயரை முதலில் சொல்ல வேண்டும், கேட்டவர் கேட்டதைத் திரும்பச் சொல்ல வேண்டும். மருத்துவமனையில் மருந்தின் பெயரையும் அளவையும் திருப்பிச் சொல்லி உறுதிசெய்யும் வழக்கமும் இதேதான். திரையின் குறைபாடு இங்கே உங்கள் பாடத்துக்கு உதவுகிறது.

துணை அறைக்கு அனுப்பும் முன், அங்கே போனதும் செய்ய வேண்டியதை எழுத்தில் கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்னது கதவைத் தாண்டியதும் மறந்துவிடும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இழுக்க வேண்டாம், இடையில் ஓய்வு வேண்டும். பதிவு செய்வதானால் எல்லோருடைய ஒப்புதலையும் முன்கூட்டியே பெறுங்கள். ஒருவர் மறுத்தாலும் பதிவு வேண்டாம். பதிவாகிறது என்று தெரிந்தால் மாணவர்கள் தவறு செய்யப் பயப்படுவார்கள், தவறே நடக்காத பயிற்சியில் கற்க ஒன்றும் இருக்காது.

ஆறாம் படி, நேரில் நடத்துபவர்களுக்கு

பொம்மை நோயாளி கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் ஒரு மேசையும், நோயாளியாக நடிக்க ஒருவரும், அளவுகளை எழுதிக் காட்ட ஒரு பலகையும் போதும். பயிற்சிக்கு முன் மாணவர்களை அறைக்குள் நடக்கவிடுங்கள். ஆக்சிஜன் எங்கே, மருந்துப்பெட்டி எங்கே, எது நிஜம், எது பாவனை என்று தெரியாமல் தடுமாறுவதைக் குழுத்திறன் குறைவென்று கணக்கிடக் கூடாது.

பாவனையின்போது யாருக்காவது நிஜமாகவே மயக்கமோ காயமோ ஏற்பட்டால் சொல்ல ஒரு தனிச் சொல்லை முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். "உதவி" என்ற சொல் அதற்கு உதவாது, பாவனைக்குள்ளேயே அது பலமுறை ஒலிக்கும்.

வழிநடத்துபவர்கள் எல்லோரும் மருத்துவர்களாக இருந்தால் மாணவர்கள் சொல்லாமலே ஒரு பாடம் கற்றுக்கொள்வார்கள். அது நீங்கள் கற்பிக்க நினைத்ததற்கு நேர் எதிரானது. குறைந்தது இரண்டு துறையினர் இணைந்து நடத்துங்கள். அந்த இருவரும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளும் விதத்தையும் மாணவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஏழாம் படி: பயிற்சிக்குப் பின் பேசுவது

பத்து நிமிடப் பாவனைக்கு இருபது நிமிட உரையாடல் என்று ஒதுக்குங்கள். நேரம் போதாதபோது எல்லோரும் முதலில் கைவைப்பது இந்தப் பகுதியில்தான். தயவுசெய்து பாவனையை வெட்டுங்கள், இதைத் தொடாதீர்கள். கற்றல் நடப்பது இங்கேதான்.

வரிசை எளிது. முதலில் மனதில் இருப்பதைக் கொட்டவிடுங்கள். பிறகு என்ன நடந்தது என்று ஒருவர் சுருக்கமாகச் சொல்லட்டும், எல்லோரும் ஒரே நிகழ்வைத்தான் பார்த்தார்களா என்று அப்போது தெரியும். அதன் பின் ஓரிரண்டு தருணங்களை மட்டும் எடுத்து ஆழமாகப் பேசுங்கள். கடைசியில், அடுத்தமுறை என்ன செய்வீர்கள் என்று ஒவ்வொருவரும் சொல்லட்டும்.

கேள்வி கேட்கும் விதத்தில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். "ஏன் நீங்கள் எதுவும் சொல்லவில்லை?" என்றால் அது குற்றச்சாட்டு. "அளவு தவறு என்று தெரிந்தபோது நீங்கள் மேலே நிமிர்ந்து பார்த்ததைக் கவனித்தேன். ஆனால் பேசவில்லை. அது நோயாளிக்கு ஆபத்தாகலாம் என்று எனக்குப் பட்டது. அந்த நேரத்தில் உங்கள் மனதில் என்ன ஓடியது?" என்று கேளுங்கள். கண்டதையும், உங்கள் கவலையையும், உங்கள் கேள்வியையும் ஒளிக்காமல் வைக்கிறீர்கள். "அவர் மூத்தவர், அவருக்குத் தெரியாததா என்று நினைத்தேன்" என்ற பதில் அப்போதுதான் வரும். அந்தப் பதில் வந்தால் அன்றைய வேலை முடிந்தது.

அந்த இடத்தில் கொடுக்க ஒரு படிக்கட்டு இருக்கிறது. அமெரிக்காவில் 2006-இல் வெளியான டீம்ஸ்டெப்ஸ் பயிற்சித் திட்டம் பரப்பிய முறை அது. முதலில் "எனக்குக் கவலையாக இருக்கிறது". கேட்கவில்லை என்றால், "இது எனக்குச் சரியாகப் படவில்லை". அதற்கும் அசையவில்லை என்றால், "இது நோயாளியின் பாதுகாப்புப் பிரச்சினை, நிறுத்துங்கள்". மாணவர்கள் இதைத் தங்கள் வாயால், தங்கள் மொழியில், மரியாதை குறையாமல் சொல்லிப் பார்க்கட்டும். பாடமாக எழுதிக்கொண்டால் பயனில்லை.

திரையில் இந்த உரையாடல் இன்னும் கடினம். மௌனம் விழுந்தால் வழிநடத்துபவர் பதறிப்போய்த் தாமே விடை சொல்லிவிடுகிறார். காத்திருங்கள். உதவும் ஒரு வழி: எல்லோரும் பதிலை அரட்டைப் பெட்டியில் தட்டச்சு செய்யட்டும், ஆனால் நீங்கள் சொல்லும்வரை அனுப்பக் கூடாது. எல்லாம் ஒரே நேரத்தில் வந்து விழும்போது முதல் பதிலைப் பார்த்து மற்றவர்கள் ஒத்துப்பாடுவது நின்றுவிடும். எதிர்பாராத பதில் எழுதியவரைப் பேச அழையுங்கள்.

எட்டாம் படி: பலன் கிடைத்ததா என்று பாருங்கள்

"பயிற்சி மிகவும் பயனுள்ளதாக இருந்தது" என்று எல்லோரும் ஐந்துக்கு ஐந்து போட்டிருப்பார்கள். அதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 1959-இல் டொனால்ட் கிர்க்பேட்ரிக் முன்வைத்த நான்கு நிலைகளில் அது முதல் நிலை மட்டுமே: பிடித்திருந்ததா. அடுத்தவை, கற்றார்களா, நடத்தை மாறியதா, நோயாளிக்குப் பலன் உண்டா. மாணவர்களிடம் நான்காவதைத் தேடுவது பேராசை. மூன்றாவதை எட்டலாம். மருந்தின் அளவைத் திருப்பிச் சொன்னாரா, பெயர் சொல்லி அழைத்தாரா, கோரிக்கையோடு முடித்தாரா என ஐந்தாறு கேள்விகள் கொண்ட ஒரு தாளைப் பார்வையாளர் கையில் கொடுங்கள். அதே தாளைத் திரைப் பயிற்சிக்கும் நேரடிப் பயிற்சிக்கும் பயன்படுத்தினால், உங்கள் மாணவர்களுக்கு எது எதில் உதவியது என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

ஒருமுறை நடத்திவிட்டு நிறுத்தினால் கற்றது தங்காது. பணிமாற்றத்தின்போது விவரம் கைமாற்றும் ஐ-பாஸ் முறையை வட அமெரிக்காவின் ஒன்பது மருத்துவமனைகளில் குழந்தை மருத்துவப் பயிற்சி மருத்துவர்களிடம் கொண்டுவந்தபோது மருத்துவப் பிழைகள் 23 சதவீதமும், தவிர்த்திருக்கக்கூடிய பாதிப்புகள் 30 சதவீதமும் குறைந்ததாக 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே ஒரு பட்டறையோடு விடவில்லை. பாவனைப் பயிற்சி, பணியிடத்தில் நேரடிக் கண்காணிப்பு, பின்னூட்டம், தொடர் நினைவூட்டல் எல்லாம் சேர்ந்திருந்தன.

எனவே முதல் பயிற்சிக்கான அழைப்பை அனுப்பும்போதே, மூன்று மாதங்களுக்குப் பிந்தைய இரண்டாவது பயிற்சியின் தேதியையும் அதில் போட்டுவிடுங்கள். அதற்கு முக்கால் மணி நேர இணையவழிச் சந்திப்பே போதும். அதே குழுக்கள், புதிய நோயாளிக் கதை, அதே பார்வைத்தாள்.